காரலின் தொண்டைக்குள் ஒரு கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மண்டபம் ஊர் மக்களே, வணக்கம்.

'உயிர்களின் கூட்டுவாழ்வை நிலைக்க வைப்பது கொடுக்கும் மனமா, கணக்கா?' கணக்குதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, பவளமும் அதன் உடலுக்குள் வாழ்கிற பாசியும் தாயும் பிள்ளையும் மாதிரி என்றார். அந்தப் பவளத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் காரல் மீன். நாம் குழம்பு வைக்கிற அதே காரல்தான். அதன் தொண்டைக் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியா, நீலமாக ஒளிவிட்டுக்கொண்டு. மீன் சாப்பாடு போடுகிறது, பாக்டீரியா விளக்குப் பிடிக்கிறது. வயிறு மெல்ல ஒளிர்வதால், கீழே இருந்து பார்க்கிற பெரிய மீனுக்குக் காரலின் நிழல் தெரியாது. இப்படி மீனோடு கூடி ஒளிரும் பாக்டீரியா வகை ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ்!

இந்த பாக்டீரியா தாய்க் காரல் கொடுத்த சீதனமில்லை. ஒவ்வொரு குஞ்சும் கடல் தண்ணீரிலிருந்து புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. அப்படியென்றால், ஒளிராமல் சும்மா உட்கார்ந்து தின்கிற பாக்டீரியாவும் உள்ளே நுழையலாமே? ஹவாய்க் கடலில் இதே மாதிரி விளக்கு வைத்திருக்கும் ஒரு குட்டிக் கணவாயில் இதைப் பார்த்திருக்கிறார்கள். விடியற்காலையில் அது தன் பாக்டீரியாவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியே துப்பிவிடுகிறது. மிச்சம் இருப்பவை பகலில் பெருகுகின்றன. ஒளிராத வகையால் அந்த உறுப்பில் நிலைத்து நிற்க முடிவதில்லை. விளக்குப் பிடித்தால்தான் வாடகை கழியும்.

'கணவாய்க்குக் கணக்குத் தெரியுமா' என்று எதிரணி கேட்கும். தெரியாது. சும்மா தின்பவனுக்கு இடம் கொடுத்த உயிருக்குக் குஞ்சு குறைந்தது, அவனை வெளியே தள்ளிய உயிர் பெருகியது. பரிணாமம் போடுகிற கணக்கு அது, மனது தேவையில்லை.

கரையேறி வயலுக்கும் வாருங்கள். கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால், அங்கே குடியிருக்கிற பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜன் உரமாக மாறுகிறது என்று பொருள். 2003இல் வெளிவந்த சோயா ஆய்வு ஒன்றில், நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவைக் கொடுத்தார்கள். பாக்டீரியாவால் உரம் தர முடியவில்லை. செடி அந்த முடிச்சுக்குப் போகிற ஆக்சிஜனைக் குறைத்தது, உள்ளே இருந்த பாக்டீரியா பாதியளவுதான் பெருகியது. தாய் இப்படிச் செய்வாளா, தங்கச்சி?

கணக்கு என்றால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். டீசல், ஐஸ் செலவு போக, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு சரியாகப் பிரிந்தால்தான் மறுநாளும் அதே ஆட்கள் அதே வத்தையில் ஏறுகிறார்கள். நம்பிக்கை அந்தப் பங்கிலிருந்துதான் வளர்கிறது. நான் பார்த்து வளர்ந்தது இது.

சரி, பவளம். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கோடைச் சூடு ஏறியபோது பவளம் வெளுத்தது. தண்ணீர் சூடானதும் பாசியின் உணவு தயாரிக்கும் அமைப்பு பழுதாகி, செல்லை அரிக்கிற நச்சு ஆக்சிஜன் கசிகிறது. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. தன் சாப்பாட்டில் பெரும்பங்கைத் தந்த பாசியையே! சூடு சீக்கிரம் தணிந்தால் மறுபடி பாசி சேரும், இல்லையென்றால் பவளம் பட்டினியில் சாகும்.

சில பவளங்கள் வெளுத்த பிறகு சூடு தாங்கும் வேறு வகைப் பாசியோடு சேர்கின்றன. அந்தப் பாசி கொடுக்கிற சர்க்கரை குறைவு, பவளம் வளர்வதும் மெதுவு. ஆனால் அடுத்த கோடையைத் தாண்டுகிறது. பிள்ளை பாசம் என்றால், பிள்ளையை மாற்றுகிற இந்தத் தாயை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.