தூரம் சொல்லும் சென்சர், விளிம்பு சொல்லும் கமரா

[காட்சி: கொழும்பு, புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு. சிவப்புப் பள்ளிவாசலின் முகப்பு, அதற்கு முன்னால் ஒரு பழவண்டி. திரை இரண்டாகப் பிரிகிறது.]

வணக்கம். இடப்பக்கம் இருப்பது போன் எடுத்த சாதாரணப் படம். வலப்பக்கம் இருப்பதும் அதே போன் அதே நேரத்தில் எடுத்ததுதான். ஆனால் இதில் நிறம் இல்லை, தூரம் மட்டும்தான். கிட்ட இருப்பது வெளிறித் தெரியும், எட்ட இருப்பது கறுத்துத் தெரியும். இதுதான் டெப்த் படம்.

பழவண்டியின் நீலக் குடையைப் பாருங்கள். இடப்பக்கத்தில் கம்பி நுனி வரை தெரிகிறது. வலப்பக்கத்தில் குடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

[காட்சி: போனின் பின்பக்கம், லைடார் இருக்கும் இடம் பெரிதாகிறது.]

லைடார் என்ற தூரம் அளக்கும் சென்சர் உள்ள ஐபோனில் ஒரு செயலிக்குக் கிடைக்கும் டெப்த் படம் 256 × 192 புள்ளிகள். கூடவே வரும் கமரா படம் 1920 × 1440 ஆக இருந்தால், ஒரு தூரப் புள்ளி சுமார் 56 நிறப் பிக்சல்களுக்குப் பொறுப்பு. உண்மையில் அந்த 256 × 192 கூட லைடார் நேரே அளந்ததல்ல. அது வீசும் ஒளிப்புள்ளிகள் இன்னும் குறைவு. இடைவெளிகளைக் கமரா படத்தைப் பார்த்து மென்பொருள்தான் நிரப்பியிருக்கிறது.

ஏன் இவ்வளவு குறைவு? சென்சர் அகச்சிவப்பு ஒளியை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒரு மீற்றர் போய் வர 6.7 நனோ செக்கன். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 67 பிக்கோ செக்கனைப் பிரித்தறிய வேண்டும். அந்த நேரத்தை அளக்கும் சுற்றுக்கு ஒவ்வொரு பிக்சலிலும் இடம் வேண்டும், திரும்பி வரும் கொஞ்ச ஒளியைப் பிடிக்கப் பரப்பும் வேண்டும். அதனால்தான் கமரா பிக்சல் மாதிரி நெருக்கமாக அடுக்க முடிவதில்லை.

[காட்சி: குடையின் விளிம்பு. பெரிய சதுரங்கள் படத்தின் மேல் விழுகின்றன.]

சரி, சின்னப் படத்தை இழுத்துப் பெருப்பித்தால் என்ன? குடை 1.5 மீற்றரில், சுவர் 4 மீற்றரில் என்று வையுங்கள். சாதாரணமாகப் பெருப்பித்தால் நடுவில் விழும் பிக்சலுக்கு இரண்டின் சராசரி கிடைக்கும்: 2.75 மீற்றர். அந்த இடத்தில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது!

இங்கேதான் கமராவைக் கூட்டுச் சேர்க்கிறோம். 2007இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் கோஃப், கோஹன், லிஷின்ஸ்கி, யுட்டன்டேல் நால்வரும் முன்வைத்த முறை இது. ஒரு பிக்சலின் தூரத்தைக் கணிக்கும்போது அக்கம்பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நம்பாதே. கிட்ட இருக்கிறதா என்று பார், அதோடு கமரா படத்தில் ஒரே நிறமாக இருக்கிறதா என்றும் பார். நம் பிக்சல் நீலமா? நீலப் புள்ளிகளின் பேச்சுக்கு எடை கூடும், சுவரின் பேச்சு எடுபடாது. விடை 1.5 மீற்றருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விளிம்பு கூர்மையாகும்.

இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சென்சரும் கமராவும் ஒரே இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சதுரங்கப் பலகை மாதிரியான ஓர் அட்டையைப் பல கோணங்களில் காட்டி இரண்டையும் பொருத்த வேண்டும். அது பிசகினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தவறான பிக்சலில் நடக்கும்.

[காட்சி: கமரா குடையை விட்டு நகர்ந்து பள்ளிவாசல் சுவருக்குப் போகிறது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள்.]

இப்போது நான் ஏன் இந்தத் தெருவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். 1909இல் கட்டி முடித்த இந்த முகப்பு, அந்த முறைக்கு ஒரு கடும் பரீட்சை. நிறம் மாறினால் பொருளும் மாறும் என்பதுதான் அதன் நம்பிக்கை. இந்தச் சுவரிலோ நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது, தூரம் மாறவில்லை. சென்சர் அளவுகளில் எப்போதும் சின்னத் தளம்பல் உண்டு. வெள்ளைப் பிக்சல் வெள்ளையை மட்டும் கேட்கும், சிவப்பு சிவப்பை மட்டும் கேட்கும். அந்தத் தளம்பல் சுவர் முழுக்கப் பரவிச் சமப்படாமல் பட்டைக்குள்ளேயே அடைபட்டுவிடும். கடைசியில் தட்டையான சுவர் படிக்கட்டு மாதிரி வெளியே வரும். வண்ணம் டெப்த் படத்தில் அச்சாகிவிட்டது!

தலைகீழாகவும் நடக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வெள்ளைப் பட்டைக்கு முன்னால் நின்றால், அவர் தோளும் சுவரும் ஒன்றாகிவிடும்.

2008இல் வந்த ஒரு திருத்தம் எனக்குப் பிடித்தது: நிறத்தைக் கேட்கும் முன் தூரத்தையே கேள். அந்தப் பகுதியில் தூர அளவுகள் வெறும் தளம்பல் அளவுக்குத்தான் வேறுபடுகின்றனவா? அப்படியென்றால் நிறத்தை விட்டுவிட்டுச் சமப்படுத்து. தூரம் உண்மையிலேயே தாவுகிறதா? அப்போது மட்டும் எந்த இடத்தில் தாவுகிறது என்று கமராவைக் கேள். முதல் பிரச்சினைக்கு இது நல்ல மருந்து. வெள்ளைச் சட்டைக்கு இதுவும் உதவாது.

[காட்சி: கண்ணாடி இல்லாமலே முப்பரிமாணம் காட்டும் திரை.]

திரையில் இதெல்லாம் எங்கே தெரியும்? இந்த வகைத் திரை இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டும். அந்தப் படங்களை ஒரு கமரா படத்திலிருந்தும் அதன் டெப்த் படத்திலிருந்தும் உருவாக்கலாம். தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பிக்சலையும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். விளிம்பில் தூரம் தவறினால் குடையின் ஒரு துண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு போகும். தலைமயிரைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி ஒன்று வரும். திரையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது மறையாது.

[காட்சி: செட்டியார் தெரு, நகைக்கடை யன்னல்.]

கடைசியாக, கொஞ்சத் தூரம் நடந்து செட்டியார் தெருவுக்கு வந்தால் சென்சரே கையை விரித்துவிடும். கண்ணாடியை அகச்சிவப்பு ஒளி ஊடுருவிப் போகும், இல்லாவிட்டால் தெறித்து வேறு பக்கம் போகும். மெருகிட்ட தங்கமும் அகச்சிவப்பை நன்றாகவே தெறிக்க வைக்கும், ஆனால் நம் பக்கமாகத் திரும்பி வரும் என்று உத்தரவாதமில்லை. அதனால்தான் ஐபோன் ஒவ்வொரு தூரப் புள்ளியோடும் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் மூன்று படிகளில் சொல்கிறது: குறைவு, நடுத்தரம், அதிகம். அழகான போர்ட்ரெய்ட் படம்தான் வேண்டுமென்றால் குறைந்த படியையும் நிரப்பிக்கொள்ளுங்கள், யாருக்கும் நட்டமில்லை. அலுமாரி வைக்க இடம் அளக்கிறீர்கள் என்றால் அந்தப் புள்ளிகளை எறிந்துவிட்டு ஓட்டையை ஓட்டையாகவே விடுங்கள்.