ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோன் சிகரெட் வித்த கதை: டிவிக்கு சிகரெட் கம்பெனியே சென்சாரா இருந்த காலம்

[திரையில்: கறுப்பு வெள்ளை கார்ட்டூன், சத்தம் இல்லாம]

வீட்டு முன்னாடி ரெண்டு பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. ஒருத்தர் புல்லு வெட்டுறாங்க, இன்னொருத்தர் கம்பளத்தைத் தட்டித் தூசி எடுக்குறாங்க. புருஷங்க ரெண்டு பேரும் நின்னு வேடிக்கை பாக்குறாங்க. "எவ்ளோ பாடு படுறாங்க பாரு"ன்னு ஒருத்தர் சொல்றாரு. "ஆமா, பாக்கவே மனசு கேக்கல"ன்னு அடுத்தவர். சரி, போய்க் கூடமாட உதவி செய்வாங்கன்னு பாத்தா, "வா, வீட்டுக்குப் பின்னாடி போயிடலாம், அங்க இருந்தா இவங்க கண்ணுல பட மாட்டாங்க"ங்கிறாங்க! பின்னாடி போனதும் தூங்கலாமான்னு ஒரு யோசனை. அதைவிட நல்ல யோசனைன்னு பாக்கெட்டை எடுத்து, ரெண்டு பேரும் வின்ஸ்டன் சிகரெட்டைப் பத்த வைக்கிறாங்க.

இது யாரோ கிண்டலுக்கு எடிட் பண்ணின வீடியோ இல்ல மக்களே. நிஜமாவே அமெரிக்க டிவியில ஓடின விளம்பரம். ஆளுங்க ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோன், பார்னி ரப்பிள். நம்ம வீட்டுப் பசங்க கார்ட்டூன் நெட்வொர்க்ல பாத்த அதே ஆளுங்க.

வணக்கம். இன்னிக்கு வீடியோவுல, ஒரு காலத்துல சிகரெட் கம்பெனி டிவியில விளம்பரம் மட்டும் போடல, எந்த சீன்ல யார் இருமணும், யார் இருமக்கூடாதுங்கிற வரைக்கும் முடிவு பண்ணுச்சுன்னு பாக்கப் போறோம். வீடியோவை ஓட்டிடாதீங்க. நடுவுல வர்ற துப்பறிவாளர் கதைதான் இதுல உச்சம்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடுவோம், இல்லன்னா கமென்ட்ல வந்து சண்டை போடுவீங்க. "குழந்தைங்க கார்ட்டூன்ல சிகரெட் வித்தாங்க"ன்னு தலைப்பு போட்டு ஆயிரம் வீடியோ இருக்கு. அது பாதி உண்மை. தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் 1960 செப்டம்பர் 30-ம் தேதி ஏபிசி சேனல்ல ஆரம்பிச்சப்போ அது சனிக்கிழமை காலை கார்ட்டூன் இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி 8:30. குடும்பமே சாப்பிட்டு முடிச்சு உக்காந்து பாக்குற நேரம். கற்காலக் குடும்பம் ஒண்ணைக் கதையா வெச்சு, பெரியவங்களை மனசுல வெச்சு எழுதின காமெடி. ஆனா பக்கத்துல குழந்தைங்களும் உக்காந்திருந்தாங்கல்ல? அதைப் பத்தி அன்னிக்கு யாரும் பெருசா கவலைப்படல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இதுதான். நிகழ்ச்சிக்கு ரெண்டு ஸ்பான்சர். ஒண்ணு வின்ஸ்டன் சிகரெட் தயாரிச்ச ஆர்.ஜே. ரெனால்ட்ஸ். இன்னொண்ணு மைல்ஸ் லேபரட்டரீஸ், அதாவது வைட்டமின் மாத்திரையும் அல்கா-செல்ட்ஸர்ங்கிற வயித்துக் கோளாறு மாத்திரையும் விக்கிற கம்பெனி! ஒரே குகை மனுஷன், ஒரு பக்கம் சிகரெட் பிடிங்கன்னு சொல்றான், இன்னொரு பக்கம் வைட்டமின் சாப்பிடுங்கன்னு சொல்றான். 1963-ல கதையில ஃப்ரெட்டுக்குக் குழந்தை பொறக்குற சமயத்துல வின்ஸ்டன் கிளம்பிடுச்சு, வெல்ச் திராட்சை ஜூஸ் உள்ள வந்துச்சு. 1968-ல மைல்ஸ் கம்பெனி அதே ஃப்ரெட் உருவத்துலயே குழந்தைங்களுக்கு மெல்லுற வைட்டமின் போட்டாங்க. அது இன்னிக்கும் கடையில கிடைக்குது.

இப்போ பின்னணி, வேகமா முடிச்சிடுறேன். அன்னிக்கு அமெரிக்க டிவியில பல நிகழ்ச்சிங்களுக்குப் பணம் போட்டது சேனல் இல்ல, ஒரே ஒரு ஸ்பான்சர். ஸ்பான்சரோட விளம்பர ஏஜென்சி ஆளுங்க கதையைப் படிப்பாங்க, திருத்துவாங்க, சில இடத்துல நிகழ்ச்சியையே தயாரிப்பாங்க. அரை மணி நேரத்துல விளம்பரம் சுமார் 3 நிமிஷம்தான். ஆனா மீதி நேரமும் அவங்க வீட்டுச் சொத்து மாதிரிதான். அவ்வளவுதான் பின்னணி.

[திரையில்: செய்தி வாசிப்பாளர் மேஜை, சாம்பல் கிண்ணம்]

சீரியல் மட்டும்தான்னு நினைச்சீங்களா? நியூஸும்தான். என்பிசி சேனல்ல 1949-ல ஆரம்பிச்ச ராத்திரிச் செய்தியோட பேரே "கேமல் நியூஸ் கேரவன்". 15 நிமிஷ நியூஸ், வாசிச்சவர் ஜான் கேமரன் ஸ்வேஸி. பேருலயே சிகரெட் பிராண்டு. மேஜை மேல சாம்பல் கிண்ணம் திரையில தெரியணும். செய்திப் படத்துல எங்கயும் "புகை பிடிக்காதீர்" பலகை தெரியக்கூடாது. சுருட்டு பிடிக்கிற ஆளைக் காட்டக்கூடாது, ஏன்னா சுருட்டு போட்டிச் சரக்கு. ஆனா ஒருத்தருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தாங்க: வின்ஸ்டன் சர்ச்சில். பாவம், சுருட்டு இல்லாத சர்ச்சில் படத்துக்கு அவங்க எங்க போவாங்க!

இப்போ நான் சொன்ன உச்சம். "மேன் அகெயின்ஸ்ட் கிரைம்". 1949-ல சிபிஎஸ் சேனல்ல ஆரம்பிச்ச துப்பறியும் தொடர், ரால்ஃப் பெல்லமி கதாநாயகன், கேமல் சிகரெட் ஸ்பான்சர். கதை எழுதுறவங்க கையில ஒரு தட்டச்சுக் குறிப்பைக் கொடுத்துடுவாங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு நிதானமா சொல்றேன், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு பயம் இருக்கு.

வில்லன், ரவுடி, ஒழுக்கம் கெட்டவன், இவங்க கையில சிகரெட் இருக்கக்கூடாது. சரி, புரியுது.

நல்லவங்க பிடிக்கலாம், ஆனா நிதானமா, அழகா பிடிக்கணும். பதட்டத்துல வேக வேகமா இழுக்கக்கூடாது. படபடன்னு இருக்குற ஆளுக்கு "இந்தா, ஒண்ணு பிடி, மனசு அமைதியாகும்"னு நீட்டவும் கூடாது. ஏன் தெரியுமா? அப்படிக் காட்டினா சிகரெட்டுல ஏதோ போதை இருக்குன்னு பாக்குறவங்களுக்குத் தோணிடும்! 1949-லயே இந்தக் கவலை இருந்திருக்கு பாருங்க.

கதையில தீ விபத்து வேண்டாம். வேணும்னே வெச்ச தீயா இருந்தாலும் வேண்டாம். தீன்னாலே அணைக்காத சிகரெட் துண்டு ஞாபகத்துக்கு வந்துடும்.

யாரும் இருமக்கூடாது. சளி பிடிச்ச ஆளா இருந்தாலும் சரி.

டாக்டரைக் காட்டினா ரொம்ப நல்லவராத்தான் காட்டணும். புகையும் புற்றுநோயும் பத்தி டாக்டர்ங்க ஏதாவது சொல்லிடப் போறாங்கன்னு ஒரு பயம், அதனால அவங்களைப் பகைச்சுக்க வேண்டாம்னு முன்னெச்சரிக்கை.

இதுல எழுதுறவனுக்கு என்ன சிக்கல் வரும்னு யோசிங்க. துப்பறியும் கதையோட உயிரே கொலைகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாம இருக்குறதுதான். ஒரு ரூம்ல அஞ்சு பேர் சந்தேகத்துல நிக்கிறாங்க. நாலு பேர் ஜோரா ஊதிட்டு இருக்காங்க, ஒருத்தன் மட்டும் சும்மா நிக்கிறான். துப்பறிவாளர் வீட்டுக்குப் போயிடலாமே! புகை பிடிக்காதவன்தான் திருடன்னு சின்னக் குழந்தைகூட சொல்லிடும். சந்தேகத்துல இருக்குற எல்லாரும் ஒழுங்கா சும்மா நின்னாத்தான் கதை நிக்கும், அப்போ சிகரெட்டை யார் கையில குடுக்குறது? ஹீரோ கையில. அதனால ஹீரோ ஊதித் தள்ளுறாரு.

கூடவே இன்னொரு தொழில் ரகசியம். இது நேரலை. ஷூட் பண்ணி எடிட் பண்றதெல்லாம் கிடையாது. அப்போ நிகழ்ச்சி நொடி பிசகாம முடிஞ்சு, கடைசி சிகரெட் விளம்பரத்துக்கு நேரம் மிச்சம் இருக்கணுமே? அதுக்கு ஒவ்வொரு வாரமும் முடிவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு தேடுற சீன் வெச்சாங்க. ஹீரோ ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சு தடயம் தேடுவாரு. நேரம் நிறைய மிச்சம் இருந்தா டைரக்டர் சைகை காட்டுவாரு, இவரு அலமாரி, தலகாணி, மேஜைக்கு அடியிலன்னு எல்லாத்தையும் கிளறிட்டு இருப்பாரு. நேரம் பத்தலன்னா நேரா போய் சரியான டிராயரைத் திறந்து எடுத்துடுவாரு. அப்படி ஒரு மூக்கு மோப்பம்! இனிமே பழைய துப்பறியும் தொடர்ல ஹீரோ தேவையில்லாம ஒரு தலகாணியைப் புரட்டிட்டு இருந்தா, கதையில மர்மம் இல்ல, கடிகாரத்துல நேரம் மிச்சம்னு புரிஞ்சுக்கோங்க.

இதுவரைக்கும் சிரிப்பா இருந்துச்சு. அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்ல. இது சிகரெட் கம்பெனி வேலையும் இல்ல, ஆனா ஸ்பான்சர் சென்சார் எதுவரைக்கும் போச்சுன்னு தெரிய இதைச் சொல்லியே ஆகணும். 1959 ஏப்ரல் 16, சிபிஎஸ்ல "பிளேஹவுஸ் 90" வரிசையில நாஜிக்களோட நியூரம்பெர்க் விசாரணை பத்தின நாடகம், நேரலை. ஸ்பான்சர்ல ஒருத்தர் அமெரிக்கன் கேஸ் அசோசியேஷன், வீட்டு எரிவாயு வியாபாரிகள் சங்கம். வசனத்துல விஷ வாயுக் கூடம் பத்தி வருது. நடிகர் வாய் அசையுது, சத்தம் வரல. "கேஸ்"ங்கிற சொல் வந்த இடத்துல ஒலியை அமுக்கிட்டாங்க. லட்சக்கணக்கான மக்கள் எப்படிக் கொல்லப்பட்டாங்கன்னு சொல்ற இடத்துல, அடுப்பு விக்கிறவங்க மனசு நோகக்கூடாதாம். இந்த வீடியோவுல நான் சொல்ற எல்லாத்துலயும் அசிங்கமானது இதுதான்னு நினைக்கிறேன்.

[திரையில்: குச்சி மனிதர்கள், சிகரெட் பாக்கெட்]

சரி, "ஐ லவ் லூசி"ங்கிற காமெடித் தொடருக்கு வருவோம். 1951 அக்டோபர் 15-ல சிபிஎஸ்ல ஆரம்பம், ஸ்பான்சர் ஃபிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி. டைட்டில்ல குச்சி குச்சியா வரைஞ்ச லூசியும் அவங்க கணவரும் பெரிய சிகரெட் பாக்கெட் மேல ஏறி விளையாடுவாங்க. அந்த அனிமேஷனைச் செஞ்சது யார் தெரியுமா? ஹன்னா, பார்பரா! பின்னாடி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் எடுத்த அதே ஜோடி. அப்போ எம்ஜிஎம் கம்பெனியோட ஒப்பந்தத்துல இருந்ததால பேர் போட்டுக்கல.

இதே தொடர்ல லூசியா நடிச்ச லூசில் பால் 1952-ல நிஜமாவே கர்ப்பமா இருந்தாங்க. சிகரெட் பாக்கெட் மேல ஏறி விளையாடலாம், ஆனா "கர்ப்பம்"னு சொல்லக்கூடாதுன்னு சேனல் தடை போட்டுச்சு. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், யூத குரு, மூணு பேர் ஸ்கிரிப்டைப் படிச்சு "தப்பில்ல"ன்னு சொன்ன பிறகுதான் அந்த எபிசோடுகள் போச்சு. 1953 ஜனவரி 19-ல குழந்தை பொறக்குற எபிசோடை சுமார் 4.4 கோடி பேர் பாத்தாங்க. அன்னிக்குக் கூச்சப்பட்டதையும் இன்னிக்கு நாம கூச்சப்படுறதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அப்படியே தலைகீழ்.

இதையெல்லாம் நாம ஏன் இதுவரைக்கும் பாக்கலன்னு கேப்பீங்க. வெட்டிட்டாங்க. நேரலை நிகழ்ச்சிகளை மானிட்டர் முன்னாடி 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவை வெச்சுத்தான் படம் பிடிச்சாங்க. டிவி நொடிக்கு 30 ஃப்ரேம், ஃபிலிம் 24. இது சரியா ஒத்துவரலன்னா படத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை தெரியும். அந்த மங்கலான பிரதிகள்ல விளம்பரமும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். லூசியை 35 மில்லிமீட்டர்ல, மூணு கேமரா வெச்சு எடுத்தாங்க, அதனால மறுஒளிபரப்புக்கு சிகரெட்டை சுத்தமா நறுக்கி எடுக்க முடிஞ்சுது. சாட்டின் துணி மேல இதயம் வர்ற அந்தப் பிரபலமான டைட்டில் இருக்குல்ல? அது பாக்கெட்டை மறைக்கப் பின்னாடி செஞ்சது. ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்லயும் முதல் ரெண்டு சீசனோட அசல் டைட்டிலைத் தூக்கிட்டு, மூணாவது சீசன்ல வந்த பாட்டை முன்னாடி ஒட்டிட்டாங்க. அதனால பல பேர் அந்தப் பாட்டு முதல் நாள்லேர்ந்தே இருந்துச்சுன்னு நம்பிட்டு இருக்காங்க.

டிவியில சிகரெட் விளம்பரம் எப்போ நின்னுச்சு? பிரிட்டன்ல 1965 ஆகஸ்ட் 1. அமெரிக்காவுல 1970 ஏப்ரல்ல அதிபர் நிக்ஸன் தடைச் சட்டத்துல கையெழுத்து போட்டாரு, ஆனா தடை அமலுக்கு வந்தது 1971 ஜனவரி 2. ஏன் 1 இல்ல? புத்தாண்டு அன்னிக்குப் பெரிய ஃபுட்பால் மேட்ச் எல்லாம் இருக்கு, அதுல கடைசியா ஒரு தடவை சம்பாதிச்சுக்கட்டும்னு ஒரு நாள் அவகாசம்! கடைசி விளம்பரம் ஜனவரி 1 ராத்திரி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஜானி கார்சனோட ராத்திரி டாக் ஷோவுல, வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட்டுக்கு.

கம்பெனிங்க அழுதுகிட்டே போனாங்கன்னு நினைக்காதீங்க. 1967-லேர்ந்து ஒரு விதி இருந்துச்சு. ஜான் பான்ஸாஃப்னு ஒரு இளம் வக்கீல் புகார் கொடுத்து வாங்கினது: சிகரெட் விளம்பரம் போடுற சேனல், புகைக்கு எதிரான விளம்பரத்தையும் இலவசமா போடணும். சுமாரா மூணுக்கு ஒண்ணு. அது பயங்கரமா வேலை செஞ்சுது, ஆளுக்கு இத்தனை சிகரெட்ங்கிற கணக்கு வருஷா வருஷம் இறங்குச்சு. சிகரெட் விளம்பரமே இல்லன்னா எதிர் விளம்பரத்துக்கும் கட்டாயம் இல்லல்ல? 1971-க்கு அப்புறம் அந்த விளம்பரங்கள் காணாமப் போச்சு, அந்தக் கணக்கு ரெண்டு மூணு வருஷம் மறுபடி மேல ஏறுச்சு. தடையால முதல்ல லாபம் பாத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

மிச்சமான விளம்பரக் காசு விளையாட்டுக்குப் போச்சு. அதே 1971-லேர்ந்து அமெரிக்காவோட பெரிய கார் பந்தயத்துக்குப் பேரு வின்ஸ்டன் கப், 2003 வரைக்கும். விளம்பரம்தானே தடை, பந்தயத்தோட பேரைச் சொல்லத் தடை இல்லையே!

"நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதுப்பா"ன்னு சொல்றவங்க, 1996 உலகக் கோப்பை கிரிக்கெட் ஹைலைட்ஸைப் போட்டுப் பாருங்க. இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில நடந்துச்சு. சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கால் இறுதி. லாகூர்ல அர்ஜுன ரணதுங்க கோப்பையைத் தூக்கினாரு. அந்தத் தொடரோட அதிகாரப்பூர்வமான பேரு வில்ஸ் உலகக் கோப்பை. இந்திய அணிச் சட்டையிலயும் அதே சிகரெட் பேருதான், அது ஒழிஞ்சது 2001-ல. உங்க வீட்டுல அந்தக் காலத்துச் சட்டை இன்னும் இருந்தா போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க.