இடுப்புல துப்பாக்கி, எதிர்ல போலீஸ்: ஒஹாயோவுல ஓப்பன் கேரி எப்படி நடக்குது?

[திரையில்: ஒஹாயோ மேப். டொலிடோ, க்ளீவ்லாந்து, பீவர்க்ரீக் மூணு ஊர் மேலயும் சிவப்பு புள்ளி]

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒஹாயோன்னு ஒரு மாநிலம் இருக்கு, அங்க ஒருத்தர் கைத்துப்பாக்கிய உறையில போட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி இடுப்புல மாட்டிக்கிட்டு மெயின் ரோட்டுல நடந்து போனா அது குற்றம் கிடையாது, அதுக்கு லைசன்சும் வேணாம். இதத்தான் ஓப்பன் கேரின்னு சொல்றாங்க. சட்டைக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டா அது கன்சீல்ட் கேரி, அதுக்குத்தான் அங்க ரொம்ப காலம் தடை இருந்துச்சு, 2004ல லைசன்ஸ் முறை வந்துச்சு, அப்புறம் 2022 ஜூன்ல 21 வயசு ஆனவங்களுக்கு அந்த லைசன்சும் தேவையில்லன்னு ஆக்கிட்டாங்க. மறைச்சு வைக்கிறவன்தான் ஏதோ பண்ணப் போறவன், வெளிய தெரிய வச்சிருக்கவன்கிட்ட ஒளிவுமறைவு இல்லங்கறது அந்த ஊரோட பழைய கணக்கு.

சரி, இப்ப அந்த ஆள பாத்து பயந்து யாரோ ஒருத்தர் 911ங்கற அவசர நம்பருக்கு போன் போடுறாங்க, இங்க ஒருத்தன் துப்பாக்கியோட போறான்னு. போலீஸ் வருது. வந்த ஆஃபீசர் அவர நிறுத்தலாமா? ஐடி கேக்கலாமா? துப்பாக்கிய பிடுங்கி வச்சுக்கலாமா? கோர்ட்ல இதுக்கு பதில் இருக்கு, ஓரளவு தெளிவாவே இருக்கு. ஆனா தெருவுல என்ன நடக்கும்ங்கறத அந்த கோர்ட் பதில் தீர்மானிக்கல, அந்த போன் கால்ல என்ன சொன்னாங்க, அதுல எது போலீஸ் காதுக்கு போய் சேர்ந்துச்சுங்கறதுதான் தீர்மானிக்குது. இத நான் சும்மா சொல்லல, ஒவ்வொரு வழக்கா பாக்கலாம்.

மொதல்ல அடிப்படை சட்டம். அதுவும் ஒஹாயோவுலதான் பொறந்துச்சு. 1963 அக்டோபர் 31, க்ளீவ்லாந்து டவுன்டவுன்ல மார்ட்டின் மெக்ஃபேடன்னு ஒரு டிடெக்டிவ், மஃப்டியில நின்னுட்டு இருக்காரு. ரெண்டு பேரு ஒரு கடை ஜன்னல் பக்கம் மாத்தி மாத்தி போறாங்க, எட்டிப் பாக்குறாங்க, திரும்பி வந்து பேசிக்கிறாங்க, மறுபடி போறாங்க. கடைய கொள்ளையடிக்க நோட்டம் விடுறாங்கன்னு இவருக்கு தோணுது. கிட்ட போய் பேர் கேக்குறாரு, சரியா பதில் வரல, உடம்ப தட்டிப் பாக்குறாரு, துப்பாக்கி சிக்குது. இது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1968ல தீர்ப்பு வந்துச்சு, பிடிபட்டவங்கள்ல ஒருத்தர் பேர்ல அதுக்கு டெர்ரி வழக்குன்னு பேரு. ஒருத்தர அரெஸ்ட் பண்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னாலும், குற்றம் நடக்குது இல்ல நடக்கப் போகுதுன்னு காரணம் காட்டுற மாதிரி சந்தேகம் இருந்தா போலீஸ் கொஞ்ச நேரம் நிறுத்தி விசாரிக்கலாம், ஆள் ஆயுதம் வச்சிருக்கான், அவனால ஆபத்துன்னு நியாயமா தோணுனா மேலாக தட்டிப் பாக்கலாம். வெறும் உள்ளுணர்வு பத்தாது, இதுதான் காரணம்னு எடுத்துச் சொல்ற மாதிரி குறிப்பான தகவல் இருக்கணும்.

இங்க ஒண்ண கவனிங்க. அந்த வழக்குல துப்பாக்கிய மறைச்சு வச்சதே குற்றம். இப்ப ஓப்பன் கேரில துப்பாக்கி வச்சிருக்கறது சட்டப்படி சரி. அப்ப அதையே காரணமா வச்சு எப்படி நிறுத்த முடியும்?

[திரையில்: டொலிடோ, 2010]

இந்த கேள்விதான் டொலிடோவுல வந்துச்சு. 2010ல ஒரு சாயங்காலம் ஒருத்தர் மனைவி, பொண்ணு, பேரன், நாய் எல்லாரோடயும் தன்னோட ஏரியாவுல வாக்கிங் போறாரு, இடுப்புல கைத்துப்பாக்கி. பைக்குல போன ஒருத்தர் நிறுத்தி, இப்படி எல்லாம் துப்பாக்கிய வெளிய மாட்டிக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு வாக்குவாதம் பண்ணிட்டு 911க்கு போன் போடுறாரு. ஆஃபீசர் வர்றாரு, துப்பாக்கிய எடுத்துக்குறாரு, கைவிலங்கு போட்டு கார்ல உக்கார வைக்கிறாரு. கடைசியில பெருசா எந்த கேசும் நிக்கல, அந்த ஆள் திருப்பி போலீஸ் மேல வழக்கு போட்டாரு.

2015ல ஃபெடரல், அதாவது மத்திய அரசு அளவுல இருக்கற அப்பீல் கோர்ட் அவர் பக்கம் நின்னுச்சு. இவர்கிட்ட துப்பாக்கி இருந்தத மட்டும்தான் ஆஃபீசர் பாத்திருக்காரு, அது சட்டப்படி அனுமதிச்ச விஷயம், ஆபத்தான ஆள்னு நினைக்க வேற எதுவும் கண்ணுல படல, அப்ப நிறுத்த காரணமே இல்ல. துப்பாக்கி வச்சிருக்கறது ஒண்ண மட்டும் வச்சு ஓப்பன் கேரி பண்ற எல்லாரையும் நிறுத்தலாம்னா அந்த உரிமைக்கே அர்த்தம் இல்லாம போயிடும், மாநில சட்டசபை எடுத்த முடிவு டொலிடோ போலீசுக்கு பிடிக்கலன்னா அத மீற அவங்களுக்கு அதிகாரம் இல்ல. இதான் தீர்ப்போட சாரம்.

பக்கத்துல போய் பேச்சு கொடுக்கலாமான்னா தாராளமா கொடுக்கலாம், அதுக்கு எந்த காரணமும் தேவையில்ல. அவரு பதில் சொல்லாம நடந்து போனா போக விடணும். இந்த கோடு எங்க இருக்குன்னு போலீசுக்கும் தெரியணும், நமக்கும் தெரியணும்.

யாருன்னே தெரியாத ஒருத்தர் போன் பண்ணி இந்த கலர் சட்டை போட்ட பையன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு சொன்னத மட்டும் வச்சு தட்டிப் பாக்கவும் முடியாது, இத சுப்ரீம் கோர்ட் 2000ல மயாமி பஸ் ஸ்டாப் வழக்கு ஒண்ணுல ஒருமனதா சொல்லியிருக்கு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. வெர்ஜீனியா, வெஸ்ட் வெர்ஜீனியா பக்கம் இருக்கற அப்பீல் கோர்ட் 2017ல என்ன சொல்லுச்சுன்னா, சீட் பெல்ட் போடலன்னு சட்டப்படி ஒரு வண்டிய நிறுத்தியாச்சுன்னா, அதுக்கப்புறம் உள்ள இருக்கவர்கிட்ட துப்பாக்கி இருக்கறதா தெரிஞ்சா போதும், லைசன்ஸ் இருக்கோ இல்லையோ அவர ஆபத்தானவராவே எடுத்துக்கிட்டு தட்டிப் பாக்கலாம்னு. ஸோ மாநிலம் தாண்டி போனா பதிலும் கொஞ்சம் மாறும்.

இவ்ளோதான் கோர்ட் கதை. கேக்க நல்லாத்தான் இருக்கு. டொலிடோ ஆள் உயிரோட வீட்டுக்கு போனாரு, வக்கீல் வச்சாரு, அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சாரு.

[திரையில்: பீவர்க்ரீக், 2014 ஆகஸ்ட் 5]

அதே ஒஹாயோ, பீவர்க்ரீக்குன்னு ஒரு ஊர், வால்மார்ட் கடை. ஜான் க்ராஃபர்ட், 22 வயசு, கறுப்பின இளைஞர். கடை ஷெல்ஃப்புல பெட்டி இல்லாம கிடந்த ஒரு ஏர் ரைஃபிள, அதாவது காத்தழுத்தத்துல சுடுற துப்பாக்கிய எடுக்குறாரு, கடையில விக்கிற பொருள்தான் அது, அத ஒரு கையில பிடிச்சுக்கிட்டே போன்ல பேசிக்கிட்டே கடைக்குள்ள நடக்குறாரு. இன்னொரு கஸ்டமர் 911க்கு போன் பண்ணி, ஒருத்தன் துப்பாக்கிய ஆளுங்க மேல குறி வைக்கிறான்னு சொல்றாரு. போலீஸ் உள்ள வந்த உடனே சுட்டுட்டாங்க, அவருக்கு திரும்பிப் பாத்து புரிஞ்சுக்கக் கூட நேரம் இல்ல. அந்த களேபரத்துல ஓடுன இன்னொரு பெண்மணியும் மாரடைப்புல இறந்து போனாங்க. போன் பண்ணவரு அப்புறமா பத்திரிகை பேட்டியில, அவர் ரைஃபிள தோள்ல வச்சு யார் மேலயும் குறி வைக்கலன்னு சொன்னாரு. கிராண்ட் ஜூரி, அதாவது ஒருத்தர் மேல குற்றம் சாட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழு, போலீஸ் மேல கேஸ் வேணாம்னு விட்டுடுச்சு.

நிஜ ரைஃபிள தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தாலே ஒஹாயோ சட்டப்படி குற்றம் இல்ல, இவர் கையில இருந்தது ஏர் ரைஃபிள். அப்படிப்பட்ட மாநிலத்துல இப்படி நடந்திருக்குங்கறத நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. சட்டம் அவர் பக்கம்தான் இருந்துச்சு, ஆனா அந்த போன்ல போன ஒரு வார்த்தை, குறி வைக்கிறான்ங்கற வார்த்தை, சட்டத்துக்கு முன்னாடியே அங்க போயிடுச்சு.

அதே வருஷம் நவம்பர் 22, க்ளீவ்லாந்து. தமீர் ரைஸ், 12 வயசு குழந்தை, பார்க்குல பொம்மைத் துப்பாக்கி வச்சு விளையாடிக்கிட்டு இருந்தான். போன் பண்ணவரு இந்த தடவ நல்லபடியாவே சொன்னாரு, அது அநேகமா பொம்மையா இருக்கும், அவன் அநேகமா சின்னப் பையனா இருப்பான்னு. கால் எடுத்தவங்ககிட்ட இருந்து இந்த ரெண்டு தகவலும் ரோட்டுல இருந்த போலீசுக்கு போகவே இல்ல. கார் வந்து நின்ன ரெண்டு செகண்டுக்குள்ள சுட்டாங்க. இங்கயும் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டல, 2016ல நகராட்சி அந்த குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்க ஒத்துக்கிச்சு.

அதே 2016 ஜூலையில அதே க்ளீவ்லாந்துல ரிபப்ளிகன் கட்சி மாநாடு நடந்துச்சு. மாநாட்டு மண்டபத்துக்குள்ள துப்பாக்கிக்குத் தடை, ஆனா சுத்தி இருக்கற தெருக்கள்ல டென்னிஸ் பால் கூடாது, தண்ணித் துப்பாக்கி கூடாது, பொம்மைத் துப்பாக்கி கூடாதுன்னு நகராட்சி லிஸ்ட் போட்டுச்சு. நிஜத் துப்பாக்கிய மட்டும் தடுக்க முடியல, ஏன்னா மாநில சட்டம் ஊருக்கு ஊர் தனி துப்பாக்கி விதி போட விடாது. லூசியானா மாநிலத்துல இருக்கற பேட்டன் ரூஜ்ல மூணு போலீஸ்காரங்கள சுட்டுக் கொன்ன சேதி வந்த அன்னைக்கு, க்ளீவ்லாந்து போலீஸ் சங்கத் தலைவரே மாநாடு முடியுற வரைக்கும் ஓப்பன் கேரிய நிறுத்தி வைங்கன்னு கவர்னர் ஜான் கேசிக்க கேட்டாரு. எனக்கு அந்த அதிகாரம் இல்லன்னு பதில் வந்துச்சு.

அந்த போலீஸ்காரங்க பயத்த நான் லேசா நினைக்கல. அதுக்கு பத்து நாள் முன்னாடிதான் டாலஸ்ல ஒரு ஊர்வலத்துல ஒருத்தன் அஞ்சு போலீஸ்காரங்கள கொன்னான். அந்த கூட்டத்துல சட்டப்படி ரைஃபிள் தூக்கிட்டு வந்த ஆளுங்க நிறைய பேரு இருந்தாங்க, சுடுறவன் யாரு சும்மா நடக்குறவன் யாருன்னு பிரிக்கவே முடியல, சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட போட்டோவ சந்தேக நபர்னு டாலஸ் போலீஸ் ட்விட்டர்ல போட்டுட்டாங்க. 2015 அக்டோபர் 31 கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல இதுக்கு நேர் எதிரா நடந்துச்சு. ஒரு பெண்மணி, பக்கத்துல ஒருத்தன் ரைஃபிளோட நிக்கிறான்னு 911க்கு போன் பண்றாங்க, இந்த மாநிலத்துல ஓப்பன் கேரி சட்டம் இருக்குன்னு அவங்களுக்கு பதில் வருது. கொஞ்ச நேரத்துல அவன் மூணு பேர சுட்டுக் கொன்னான். பீவர்க்ரீக்ல அந்த போன் கால நம்பி ரெண்டு உயிர் போச்சு, இங்க போன் கால நம்பாம மூணு உயிர் போச்சு. ஓப்பன் கேரி சட்டம் எழுதுறவங்க இந்த இக்கட்ட 911 கால எடுத்து போலீச அனுப்புற டிஸ்பாட்சர் தலையில கட்டிட்டு போயிடுறாங்க, அதுதான் என் கோபம்.

மறைச்சு வச்சா தப்பிக்கலாமான்னா அதுவும் இல்ல. மின்னசோட்டாவுல ஃபிலாண்டோ கேஸ்டில்னு ஒருத்தர், லைசன்ஸ் வாங்கின துப்பாக்கி, 2016 ஜூலை 6ல கார நிறுத்தினப்ப ஆஃபீசர்கிட்ட மரியாதையா, சார் என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவராவே சொல்றாரு. அடுத்த சில செகண்டுல சுட்டுட்டாங்க. அந்த ஆஃபீசர 2017ல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. க்ராஃபர்ட், தமீர், கேஸ்டில், மூணு பேருமே கறுப்பினத்தவங்க. இத ஒதுக்கி வச்சுட்டு இந்த விஷயத்த பேசவே முடியாது.

பழைய வரலாறும் இதையேதான் காட்டுது. 1960கள்ல கலிஃபோர்னியாவுல துப்பாக்கிய வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கறது சட்டப்படி சரி. ஓக்லாந்துல கறுப்பின உரிமைக்காகப் போராடுன ப்ளாக் பேந்தர் கட்சிக்காரங்க ஒரு கையில துப்பாக்கியும் இன்னொரு கையில சட்டப் புத்தகமுமா போலீஸ் வண்டி பின்னாடியே போனாங்க, போலீஸ் யாரையாவது நிறுத்தினா தள்ளி நின்னு பாத்தாங்க. உடனே மல்ஃபோர்டுங்கற சட்டசபை உறுப்பினர் தடை மசோதா கொண்டு வந்தாரு, 1967 மே 2ஆம் தேதி பேந்தர்ஸ் துப்பாக்கியோட சாக்ரமெண்டோ சட்டசபைக்கே போனாங்க, ஜூலையில கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்து போட்டாரு, குண்டு போட்ட துப்பாக்கிய பொது இடத்துல கொண்டு போகத் தடை. எத்தனையோ வருஷமா இருந்த உரிமை, அத யார் பயன்படுத்துறாங்கன்னு பாத்ததும் சில மாசத்துல போயிடுச்சு.

[திரையில்: விசா முத்திரை]

இப்ப அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு. கொலம்பஸ், டாலஸ், ஃபீனிக்ஸ்னு ஓப்பன் கேரி இருக்கற ஊர்கள்ல ஏகப்பட்ட தமிழ் குடும்பங்க இருக்கு. எச்-ஒன்-பி வேலை விசா, எஃப்-ஒன் மாணவர் விசா மாதிரி விசாவுல இருக்கீங்கன்னா மாநில சட்டம் எவ்ளோ தாராளமா இருந்தாலும் ஃபெடரல் சட்டம் உங்களுக்கு துப்பாக்கி வச்சுக்கறத பொதுவா தடை பண்ணுது, வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு. நண்பரோட துப்பாக்கிய கையில வாங்கி ஒரு செல்ஃபி எடுக்கறது கூட சிக்கல்ல கொண்டு போய் விடும், விசாவுக்கே ஆபத்து. கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்ல.

ஆக உங்கள்ல பல பேருக்கு துப்பாக்கி வச்சிருக்கற ஆளா நிக்கிற நிலைமை வராது, போன் பண்ற ஆளா நிக்கிற நிலைமைதான் வரும். மளிகை வாங்க போன இடத்துல ஒருத்தர் இடுப்புல துப்பாக்கி, உங்களுக்கு கை நடுங்குது, நடுங்கத்தான் செய்யும். மொதல்ல குழந்தைங்கள கூட்டிக்கிட்டு வெளிய வாங்க, வந்துட்டு யோசிங்க. அவர் பாட்டுக்கு பால் பாக்கெட் எடுத்துக்கிட்டு இருந்தா கடை மேனேஜர்கிட்ட சொன்னா போதும், தனியார் கடைக்கு அவர வெளிய போங்கன்னு சொல்ற உரிமை இருக்கு. யாரையாவது மிரட்டினாலோ, துப்பாக்கிய கையில எடுத்தாலோ, பூட்ட உடைச்சு எங்கயாவது நுழைஞ்சாலோ தயங்காம 911 அடிங்க. அடிக்கும்போது துப்பாக்கி உறையில இருக்கா கையில இருக்கான்னு சொல்லுங்க, குறி வச்சத கண்ணால பாத்தா மட்டும் குறி வச்சான்னு சொல்லுங்க, பொம்மையா இருக்குமோன்னு தோணுனா அதையும் சொல்லிட்டு, இத வர்ற போலீஸ்கிட்ட கண்டிப்பா சொல்லுங்கன்னு கேளுங்க. முன்னாடி சொன்னது தப்புன்னு தெரிஞ்சா லைன்ல இருக்கும்போதே மாத்துங்க, கட் ஆகியிருந்தா திரும்ப அடிச்சு மாத்துங்க.