பாமினியை ஏன் விட முடியவில்லை?

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, கேட்டவுடன் மைக்குக்கும் டீக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, ஓய்வு பெற்றும் ஓயாத எங்கள் தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசை அச்சகத் தோழர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய கணினி எழுத்துரு. அதுவும் அதோடு ஒட்டிய பழைய மென்பொருளும் ஏன் போகமாட்டேன் என்கின்றன? மூன்று காரணம் சொல்கிறேன்: கை, கோப்பு, காசு.

போன தை மாதம் அக்கா மகள் கல்யாணம். பத்திரிகை வாசகத்தைக் கைப்பேசியில் யூனிகோடில், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் அடித்து, நாலு பேரிடம் காட்டிப் பிழை திருத்தி, பெருமையாக அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகக்காரர் அதைப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒட்டினார். அதற்கோ யூனிகோடு தெரியாது. திரை முழுக்கக் கேள்விக்குறி. மாப்பிள்ளை கேள்விக்குறி, முகூர்த்த நேரம் கேள்விக்குறி, தாய்மாமன் நான், நானும் கேள்விக்குறி! "சார், பாமினியில் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். விடுவேனா? 1991இல் வந்த யூனிகோடின் பெருமையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே என் போனைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி. ஐந்தே தட்டு, திரையில் 'தமிழ்'. நான் பேசி முடிப்பதற்குள் பத்திரிகை முடிந்துவிட்டது. என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. மட்டும் விட்டுப்போனது, அது வேறு கதை.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். பாமினி பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை ஒட்டியது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரலுக்கு அதுதான் வீடு. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆணை மாறியது, விரல் மாறவில்லை.

அடுத்து கோப்பு. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். 2004இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அச்சகக்காரர் கணினியில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆனால் அவர் என் அக்காவிடம் கேட்டார்: "மூத்த பொண்ணு பத்திரிகை அப்படியே இருக்கும்மா, பேரை மட்டும் மாத்தட்டுமா?" எந்தப் புது மென்பொருள் இப்படிக் கேட்கும்?

காசைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், நின்றுபோன சிற்றிதழ்கள் எல்லாம் இப்படித்தான் சிடிகளில் கிடக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஜே, கே, பி, ஓ. 'தமிழ்' என்று தேடினால் தமிழே கிடைக்காது. சித்திரமும் கைப்பழக்கம், சரி. அந்தக் கை ஓய்வு பெற்ற பிறகு யார் படிப்பது? அதனால்தான் ஞாயிறுதோறும் காலையில் நூலகத்தில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம், இலவசமாக. அச்சகத் தோழர்களே, பழைய சிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். உறைமேல் எழுத்துருவின் பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவாருங்கள். பாமினியா, வானவில் என்ற இன்னொரு எழுத்துருவா என்று தெரியாமல் போன வாரம் ஒரு சிடியோடு அரை நாள் மல்லுக்கட்டினோம்.