வெளியிலிருந்து கேட்டால் பலன் உண்டு: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, மூச்சுவிடாமல் பேசி முடித்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். எதிரணியினர் பேசிய வேகத்தில் அது எங்கோ பறந்துவிட்டது. ‘வேறு நாட்டில் அவதிப்படும் மதச் சிறுபான்மையினருக்காகத் தங்கள் அரசுகளிடம் மக்கள் முறையிடுவது அவர்களைக் காக்கிறதா, மேலும் சிக்கலில் மாட்டிவிடுகிறதா?’ காக்கிறது என்பது எங்கள் கட்சி.

எதிரணியில் மூன்று பேரும் மூன்று விஷயம் சொன்னார்கள். அது அவர்கள் நாட்டு விவகாரம், நமக்கு என்ன என்றார் ஒருவர். கேட்பவர்களே யோக்கியர்கள் இல்லை என்றார் இன்னொருவர். வெளியே நீங்கள் சத்தம் போட்டால் அடி உள்ளே இருப்பவர் முதுகில்தான் விழும் என்றார் கடைசியாகப் பேசிய சகோதரி. மூன்றிலும் கனமானது சகோதரி சொன்னதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வழக்கு.

பாகிஸ்தானில் ஷஃப்கத் இம்மானுவேல், ஷகுஃப்தா கௌசர் என்று ஒரு கிறிஸ்தவத் தம்பதி. கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நபிகளை இழிவுபடுத்திக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள் என்று புகார் வந்தது. செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் கிடக்கட்டும், எங்களுக்கு எழுதப் படிக்கவே வராதே என்றார்கள் இருவரும். 2014-இல் இருவருக்கும் மரண தண்டனை. லாகூர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். தேதி வரும், தள்ளிப்போகும். மறுபடி வரும், மறுபடி தள்ளிப்போகும். ஏழு வருடம் இப்படியே போனது.

2021 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தத் தம்பதியின் பெயரைச் சொல்லி, பாகிஸ்தானுக்குக் கொடுத்துவரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை உடனே மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. ஆதரவு 662, எதிர்ப்பு வெறும் 3. பாகிஸ்தானின் துணிமணிகள் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போவது 2014 முதல் கிடைத்துவரும் அந்தச் சலுகையால்தான். 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்து நடக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஜூன் 3 அன்று லாகூர் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. ஏழு வருடம் நகராத வழக்கு ஐந்து வாரத்தில் முடிந்தது.

சாட்சியம் போதவில்லை என்றுதான் விடுதலை. அந்தச் சாட்சியம் 2014-இல் மட்டும் போதுமானதாகவா இருந்தது? ஐரோப்பா சொன்னதால் நீதிபதி விடுவித்தார் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் தொடப் பயந்த வழக்குக் கட்டு மேசைக்கு வந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஏன் பயந்தார்கள்? எதிரணித் தலைவர், ‘உள்ளூர்க்காரர்கள் பேசி மாற்றட்டும், அதுதான் நிலைக்கும்’ என்றார். நல்ல யோசனை, பேசியும் பார்த்தார்கள். ஆசியா பீபி என்ற ஏழைக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு, இதே மாதிரி நபிகளை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில், 2010-இல் மரண தண்டனை கொடுத்தார்கள். பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீர் அவருக்காகப் பேசினார். 2011 ஜனவரி 4 அன்று ஆளுநரின் சொந்தப் பாதுகாவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டி பேசினார். மார்ச் 2 அன்று அவரையும் கொன்றார்கள். ஆளுநருக்கும் அமைச்சருக்குமே இந்தக் கதி என்றால், கீழ் நீதிமன்ற நீதிபதி என்ன செய்வார், ஐயா? தேதியைத் தள்ளிவைப்பார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தபோதுகூட ஊர் ஊராகச் சாலைகளை மறித்தார்கள். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் உயிருக்குப் பயந்து நெதர்லாந்துக்குப் போனார். ஆசியா பீபி மறு வருடம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்ட இடத்தில், ‘நான் விரும்பிச் செய்யவில்லை, ஏற்றுமதி போய்விடும், அதனால் செய்ய வேண்டியிருக்கிறது’ என்று ஒரு அதிகாரி தன் மேலதிகாரியிடம் சொல்வதற்கு ஒரு சாக்கு வேண்டும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் கொடுப்பது அந்தச் சாக்கைத்தான். நான் அதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

உள்நாட்டு விவகாரம் என்ற வாதத்துக்கு அதிக நேரம் செலவிடப் போவதில்லை. மத சுதந்திரத்தைச் சொல்லும் சர்வதேச குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையைப் பாகிஸ்தான் 2010-இல் தானாகவே ஏற்றுக்கொண்டது. ஏற்றதை நினைவுபடுத்துவது தலையீடு ஆகாது.

அடுத்து, கேட்பவர்களே யோக்கியர்கள் இல்லை என்ற வாதம். உண்மைதான்! அதற்கு உதாரணத்தையும் எதிரணி தேட வேண்டாம், நானே தருகிறேன்.

இலங்கையில் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசிதழ் ஆணை வந்தது. புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. கொழும்பு கேட்கவில்லை. முஸ்லிம்களுக்கு உடலை எரிப்பது மார்க்கத்தில் இல்லாத செயல். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பர் 1 அன்று மனுக்கள் தள்ளுபடி ஆயின. அதே மாதம், பிறந்து 20 நாளான ஒரு குழந்தையைப் பெற்றோர் சம்மதம் இல்லாமலே எரித்தார்கள். கொழும்பின் பொரளை மயானத்து வாசலில் ஜனங்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். நம் மொழி பேசும் குடும்பங்கள் இவை. வீட்டில் மையத்து விழுந்தால் அடக்கத்தைப் பற்றித்தான் முதல் கவலை வரும். அந்தக் கவலைக்கு அரசிடம் பதிலே இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு குரல் கொடுத்தது. ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கண்டித்தார்கள். 2021 பிப்ரவரி 10 அன்று, புதைக்க அனுமதி உண்டு என்று பிரதமர் மஹிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில் சொன்னார். உடனே அது இல்லை என்று ஆனது. பிப்ரவரி 23 அன்று பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் வந்து இறங்கினார். அதே சமயம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. இலங்கையைப் பற்றிய தீர்மானம் வரவிருந்தது. அதைத் தோற்கடிக்க முஸ்லிம் நாடுகளின் வாக்கு கொழும்புக்குத் தேவைப்பட்டது. இம்ரான் கான் ஊர் திரும்பிய மறுநாள், அடக்கம் செய்யலாம் என்று புதிய அரசிதழ் வந்தது. மார்ச்சில் இலங்கையின் கிழக்கே ஓட்டமாவடியில் குழி வெட்டினார்கள்.

இப்போது எதிரணி சிரிக்கலாம். தன் நாட்டுக் கிறிஸ்தவர்களையும் அகமதியா என்ற சிறுபான்மைப் பிரிவினரையும் பாதுகாக்க முடியாத நாட்டின் பிரதமர், இலங்கைக்குப் போய் சிறுபான்மையினருக்காகப் பரிந்து பேசுகிறார். ஜெனீவாவில் மார்ச் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது இதே பாகிஸ்தான் இலங்கை அரசின் பக்கம்தான் நின்றது. தீர்மானம் எப்படியோ 22க்கு 11 என்று நிறைவேறியது. முழுக்க முழுக்கக் கொடுக்கல் வாங்கல். ஊருக்குத்தான் உபதேசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, ஓட்டமாவடியில் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்த மகனிடம் போய், ‘இதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் யோக்கியர் இல்லையாம், உனக்குச் சம்மதமா?’ என்று கேட்டுப் பாருங்கள். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. கையில் கறை இல்லாத நாடுதான் பேச வேண்டும் என்று காத்திருந்தால், உலகத்தில் ஒரு வாயும் திறக்காது.

சரி, சகோதரியின் வாதத்துக்கு வருகிறேன். சோவியத் யூதர்கள் கதையைச் சொன்னார். நாட்டைவிட்டு வெளியேற அவர்களுக்கு அனுமதி கொடுக்காவிட்டால் வணிகச் சலுகை கிடையாது என்று அமெரிக்கா 1974-இல் சட்டம் இயற்றியது. அதுதான் ஜாக்சன்–வானிக் திருத்தம். 1975 ஜனவரியில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டதும், மாஸ்கோ கோபித்துக்கொண்டு வணிக ஒப்பந்தத்தையே தூக்கி எறிந்தது. 1973-இல் 35,000 பேர் வரை வெளியேறியிருந்தார்கள். 1975-இல் அது 13,000 அளவுக்கு இறங்கியது. அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் சொன்ன மாதிரி சத்தமில்லாமல் பேசியிருந்தால் இது நடந்திருக்காது என்றார் சகோதரி.

எண்ணிக்கை சரி. அந்த அடி உண்மையான அடிதான், மழுப்ப மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்திவிட்டாரே! 1979-இல் வெளியேறியவர்கள் 51,000. 1980களின் தொடக்கத்தில் மறுபடி கதவு சாத்தப்பட்டது. 1987 டிசம்பர் 6 அன்று, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் வாஷிங்டன் வருவதற்கு முந்தைய நாள், அங்கே சோவியத் யூதர்களுக்காகச் சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். 1990-இல் 1,80,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். சோவியத் நாடே தளர்ந்துபோனதும் இதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் தளர்ந்த நாடு எந்தக் கதவை முதலில் திறக்கிறது? வெளியே கூட்டம் நிற்கும் கதவைத்தான்.

இன்னொன்று. அந்தச் சட்டம் வேண்டும் என்று 1973-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் யார்? மாஸ்கோவிலேயே இருந்த சோவியத் விஞ்ஞானி ஆந்திரேய் சகாரோவ். முதுகு அவருடையது. அடி விழும் என்று தெரிந்துதான் கேட்டார். உள்ளே இருப்பவரே கேட்கும்போது, ‘உன் நன்மைக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன்’ என்று வெளியே இருப்பவர் சொல்வதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எதிரணியே யோசித்துச் சொல்லட்டும்.

ரகசியமாகப் பேசுவதற்கு நான் எதிரி இல்லை. 1978 ஜூனில் சைபீரியாவிலிருந்து வந்த பெந்தெகோஸ்தே குடும்பத்தார் ஏழு பேர், காவலர்களைத் தாண்டி மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். ஐந்து வருடம் அடித்தளத்து அறையில் இருந்தார்கள். உண்ணாவிரதம், கடிதங்கள், தேவாலயங்களில் பிரார்த்தனை, செனட்டர்களிடம் மனு என்று விஷயம் ஓயவே இல்லை. 1983 பிப்ரவரியில் அதிபர் ரீகன் சோவியத் தூதர் தோப்ரினினைத் தனியாகச் சந்தித்தார். அவர்களை விட்டுவிடுங்கள், நான் வெற்றி என்று தம்பட்டம் அடிக்க மாட்டேன் என்று சொன்னார். அந்த வருடமே அவர்கள் வெளியேறினார்கள். ரீகனும் வாக்குத் தவறவில்லை. மூடிய அறையில் முடிந்த பேச்சுதான். ஆனால் ஐந்து வருடம் வெளியே ஆட்கள் தொண்டை கிழியக் கத்தியிருக்காவிட்டால், ஏழு சைபீரியக் கிராமத்தார் ஒரு வல்லரசு அதிபரின் நினைவில் எப்படி இருந்திருப்பார்கள்?

நடுவர் மணியடித்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் பதில் சொல்ல வருகிறவரிடம் ஒரே கேள்வி. ஷகுஃப்தா கௌசரின் மேல்முறையீடு ஏழு வருடம் சும்மா கிடந்ததே, அந்த ஏழு வருடமும் நீங்கள் சொல்லும் மௌனம் கைவசம்தானே இருந்தது? அது என்ன செய்தது? அதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.