பூஜ்ஜியம் வாங்கின உலக சாம்பியன்: டான் ஓ'பிரையன்

வணக்கம் மக்களே! சேலம் காந்தி ஸ்டேடியத்துல இருந்து பேசுறேன். பின்னாடி பசங்க பிராக்டிஸ் பண்ற சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு டான் ஓ'பிரையன். அமெரிக்காக்காரர், டெகாத்லான் வீரர். ரெண்டே நாள்ல பத்து போட்டி. முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு, உயரம் தாண்டுதல், 400. மறுநாள் ஹர்டில்ஸ், வட்டு, கம்பூன்றித் தாண்டுதல், ஈட்டி, எல்லாம் முடிஞ்சு கால் வெலவெலத்துக் கிடக்கறப்ப 1500. எல்லாத்துக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவாங்க. எனக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது.

1991ல டோக்கியோவுல இவர் உலக சாம்பியன். அடுத்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக். ரீபாக் ஷூ கம்பெனி இவரையும் இன்னொரு அமெரிக்க டெகாத்லான் வீரர் டேவ் ஜான்சனையும் வெச்சு, 'யாரு பெரிய ஆளுன்னு பார்சிலோனாவுல தெரிஞ்சிடும்'ங்கிற மாதிரி அமெரிக்கா பூரா விளம்பரம் பண்ணுச்சு.

நியூ ஆர்லியன்ஸ்ல செலக்‌ஷன். முதல் நாள் முடிவுல இவர்தான் முன்னாடி. மறுநாள் கம்பூன்றித் தாண்டுதல். கம்மியான உயரத்தையெல்லாம் தாண்டாமலே விட்டுட்டு, நேரா 4.80 மீட்டர்ல இறங்கினார். அது ஒண்ணும் திமிரு இல்லீங்க. ஒவ்வொரு தாண்டலுக்கும் தெம்பு போகும், பின்னாடி ஈட்டியும் 1500ம் காத்துக்கிட்டு இருக்கு. ஆனா ஒரு உயரத்துக்கு மூணே வாய்ப்புதான். நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அவருக்கும் இதே கணக்குதான். ஓ'பிரையனுக்கு மூணும் போச்சு. பூஜ்ஜியம்.

கணக்கைப் பாருங்க. 4.80க்கு 849 புள்ளி. 4.50 தாண்டியிருந்தாலே 760 வந்திருக்கும். 89 புள்ளிதான் வித்தியாசம்! முதல்ல நின்னவர் 11வது ஆளா முடிச்சார். டீம்ல இடம் மூணே பேருக்கு. பார்சிலோனாவுக்குப் போனார், ஆனா டிவியில வர்ணனை பண்ண. அதை நெனச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது.

அதே வருஷம் செப்டம்பர்ல பிரான்ஸ்ல தலான்ஸ்னு ஒரு ஊரு. அங்க 8891 புள்ளி, உலக சாதனை. டேலி தாம்சனோட 8847ஐத் தாண்டிட்டார். அப்புறம் 1993லயும் 1995லயும் உலக சாம்பியன். கடைசியா 1996 அட்லாண்டா, 8824 புள்ளியோட ஒலிம்பிக் தங்கம். நாலு வருஷம் காத்திருந்து வாங்கின தங்கம்ங்க அது.

இன்னொண்ணு சொல்றேன், புல்லரிக்கும். 2018 ஆகஸ்ட்ல பெர்லின்ல நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல, பிரெஞ்சு டெகாத்லான் வீரர் கெவின் மேயர் நீளம் தாண்டுதல்ல மூணும் ஃபவுல், அதாவது பலகையைத் தாண்டி மிதிச்சதால மூணு தாண்டலும் செல்லாமப் போச்சு. அடுத்த மாசமே அதே தலான்ஸ்ல 9126 புள்ளி எடுத்து உலக சாதனை பண்ணார்!

இதை இன்னைக்கு ஏன் பேசறேன்னா, நம்ம கிரவுண்ட் தம்பி ஒருத்தன் மாவட்டப் போட்டி நீளம் தாண்டுதல்ல மூணும் ஃபவுல் போட்டுட்டான். கடைசித் தாண்டல்ல கட்டைவிரல் பலகையை நூலளவுதான் தாண்டியிருந்துச்சு, களிமண்ணுல தடம் விழுந்திருச்சு. ரன்-அப் அடையாளத்துக்கு வெச்ச செருப்பைக்கூட எடுக்காம வெளிய போயிட்டான். இனிமே வரமாட்டேன்னு சொல்றான். தம்பி, நீ இதைப் பாப்பேன்னு தெரியும். ரன்-அப்பை அரை அடி பின்னாடி தள்ளிக்கோ. முதல் தாண்டல்ல தூரம் பாக்காத, ஒரு மார்க் மட்டும் வாங்கு. சாயங்காலம் டேப் எடுத்துட்டு வர்றேன், பிட்டுல அளந்து பாத்துடலாம்.