குளிருக்காகப் பிறந்த பிளாஸ்க்

(உதகையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைக்குத் தெர்மாஸ் பிளாஸ்கின் கதையைச் சொல்லப் போகிறேன். இந்த மலையில் அது இல்லாத வீடு இருக்காது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையில் டீயை ஊற்றி எடுத்துப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் அதில்தான் போகிறது. ஆனால் இந்தப் பாத்திரத்தை முதலில் செய்தவர் சூட்டை நினைத்துச் செய்யவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கடுங்குளிர்.

அவர் பெயர் ஜேம்ஸ் டிவார். ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேராசிரியர். வாயுக்களைக் குளிர வைத்துத் திரவமாக்குவது அவர் ஆராய்ச்சி. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே கொதிக்கும். சாதாரணக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால், அறையின் வெப்பமே போதும், கொதித்துப் பறந்துவிடும். பாடுபட்டு உண்டாக்கியதை வைத்துப் பார்க்க ஒரு பாத்திரம் இல்லை. 1892-இல் அதற்கு வழி கண்டார். ஒரு குடுவைக்குள் இன்னொரு குடுவை. வாயில் இரண்டையும் ஒட்டி, நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்.

பிள்ளைகளுக்குப் பாடத்தில் வந்திருக்கும்: வெப்பம் போக மூன்று வழி. கடத்தல், சலனம், கதிர்வீச்சு. முதல் இரண்டும் நடக்க ஊடே ஒரு பொருள் வேண்டும். வெற்றிடத்தில் அது இல்லை. கதிர்வீச்சுக்குப் பொருள் தேவையில்லை என்பதால், கண்ணாடியின் உட்புறங்களில் வெள்ளி பூசி அதைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே போகும் வெப்பத்தைத் தடுப்பது வெளியே போகும் வெப்பத்தையும் தடுக்கும். ஆகவே டீக்கும் சரி, திரவ ஆக்சிஜனுக்கும் சரி, ஒரே பாத்திரம்.

டிவார் செய்ததன் நேர் வாரிசை நம் கால்நடை மருந்தகத்திலேயே பார்க்கலாம். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்கு முன் டாக்டர் ஓர் அலுமினியக் கலத்தைத் திறப்பார். குடம் மாதிரி வயிறு, குறுகிய கழுத்து. மூடியை எடுத்ததும் வெள்ளையாகப் புகை வழியும். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அதில் மூழ்கியிருக்கிற மெல்லிய குச்சியைத்தான் இடுக்கியால் எடுக்கிறார். இந்த உதகையிலேயே உறைவிந்து நிலையம் இருக்கிறது. அடுத்த முறை மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கலத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

டிவார் தன் குடுவைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆராய்ச்சிக்கு ஆனது, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். அந்த இடத்தில் வருகிறார் ரைன்ஹோல்ட் பர்கர். ஜெர்மனியில் கண்ணாடித் தொழில் நடந்த ஊரில் பிறந்தவர், பெர்லினில் கண்ணாடி ஊதிப் பாத்திரம் செய்பவர். டிவார் பெயரைச் சொல்கிற பலர் இவர் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. ஆய்வகக் குடுவையை வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தத் தொழிலாளியின் கைதான். மெல்லிய கண்ணாடி ஆட்டம் காணாமல் நிற்க முட்டுக் கொடுத்தார். வெளியே உலோக உறை போட்டார். 1903-இல் காப்புரிமை வாங்கினார், அடுத்த ஆண்டு தெர்மாஸ் கம்பெனி தொடங்கியது. டிவார் பிறகு உரிமை கோரியும் பலன் இல்லை.

பிளாஸ்கின் ரீஃபிலை, அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குடுவையை, வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஒரு சிறு கூர்முனை இருக்கும். அந்த வழியாகத்தான் வெள்ளிக் கரைசலை உள்ளே விட்டு, காற்றை இழுத்து, கடைசியில் தீயால் உருக்கி மூடுகிறார்கள். அது உடைந்தால் காற்று புகுந்துவிடும். அப்புறம் அது வெறும் கண்ணாடிப் புட்டிதான். கீழே வைக்கும்போது ரப்பர் வட்டு இருக்கிறதா என்று நம் அம்மாக்கள் தடவிப் பார்ப்பது இதனால்தான்.

1907-இல் ஜெர்மன் கம்பெனி தன் உரிமையை அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா என மூன்று தனித்தனிக் கம்பெனிகளுக்கு விற்றது. நம் மலை ரயில் உதகை வரைக்கும் வந்தது 1908-இல் என்றால், காலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தென்துருவத்தை நோக்கிப் போன ஷாக்கிள்டனும் தெர்மாஸ் கொண்டு போனார். 1911-இல் இங்கிலாந்துக் கம்பெனி உள்கண்ணாடியை இயந்திரத்தில் செய்யத் தொடங்கியது. ஊதுகுழலில் ஒவ்வொன்றாகச் செய்த பண்டம் சாமானியர் கைக்கு வர அதுவே வழி திறந்தது.

அமெரிக்கக் கம்பெனிக்கு ஒரு விசித்திரமான சோதனை வந்தது. தொடக்கத்தில் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு புழங்க வேண்டும் என்று அவர்களே விளம்பரம் செய்தார்கள். புழங்கியது, எந்தக் கம்பெனி பிளாஸ்கையும் ஜனங்கள் தெர்மாஸ் என்றார்கள். அலாதீன் என்ற போட்டிக் கம்பெனிமேல் போட்ட வழக்கில், அது பொதுச்சொல்லாகிவிட்டது என்று 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சில நிபந்தனைகளோடு போட்டிக் கம்பெனியும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று ஆனது. என்னைக் கேட்டால், அது நியாயமான தீர்ப்பு.

எஃகு பிளாஸ்க் நேற்று வந்தது என்று நினைக்கிறோம். மின்மாற்றிக்குப் பேர்போன வில்லியம் ஸ்டான்லி 1913-லேயே அமெரிக்காவில் அதைச் செய்துவிட்டார். 1978-இல் ஜப்பானின் நிப்பான் சான்சோ துருப்பிடிக்காத எஃகில் பிளாஸ்க் கொண்டுவந்தது. 1989-இல் தெர்மாஸ் தொழிலையே வாங்கிக்கொண்டது. அந்தக் கம்பெனியின் மூலத்தொழில் ஆக்சிஜன் தயாரிப்பது. திரவ ஆக்சிஜனை வைக்கப் பாத்திரம் தேடியதில் உருவானது, ஆக்சிஜன்காரர்கள் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் ஓர் அம்மா கேட்டார்கள்: "மேட்டுப்பாளையத்தில் நின்ற சூடு இங்கே நிற்கவில்லையே, பிளாஸ்க் கெட்டுவிட்டதா?" கெட்டிருக்காது, அம்மா. உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் டீ ஊற்றும்போதே ஆறேழு டிகிரி குறைவு. வெளிக்குளிரும் அதிகம். வெப்பம் பெரும்பாலும் வாய், மூடி வழியாகத்தான் போகும். அதனால் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் டீயை முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றுங்கள்; அடிக்கடி திறக்காதீர்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால், அடியில் அந்த முனையைப் பாருங்கள். உடைந்திருந்தால் ரீஃபிலை மட்டும் மாற்றினால் போதும்.